பழைய காருக்குப் புது ஸ்டீயரிங் பாக்ஸ்: மாத்தலாம்... ஆனா சேஸியை வெட்டாதீங்க!

விண்டேஜ் கார் என்றாலே 'ஒரு போல்ட்கூட மாறக்கூடாது' என்பவர்கள் ஒருபக்கம். 'ஓடாத கார் எதுக்கு, எல்லாத்தையும் மாத்து' என்பவர்கள் இன்னொரு பக்கம். இந்தச் சண்டை சூடுபிடிக்கும் இடம் ஸ்டீயரிங் பாக்ஸ். பெயின்ட் மங்கினால் அழகுதான் போகும். ஸ்டீயரிங் ஆடினால் எதிரே வருபவருக்கும் ஆபத்து.

1928 முதல் 1931 வரையிலான மாடல் ஆண்டுகளில் வந்த ஃபோர்டு மாடல் ஏ காரை எடுத்துக்கொள்வோம்.

என்ன சிக்கல்?

ஸ்டீயரிங் தண்டின் அடியில் திருகு போல 'வார்ம்' கியர் இருக்கும். அது 'செக்டார்' என்ற பல்சக்கரத் துண்டைத் திருப்பும். அதோடு இணைந்த பிட்மேன் ஆர்ம், ராடுகள் வழியாகச் சக்கரங்களைத் திருப்பும். கார் பெரும்பாலும் நேராகத்தானே போகும்? அதனால் நடுப் பகுதிதான் அதிகம் தேயும். அந்த ஆட்டத்தைப் போக்க டைட் பண்ணினால், அதிகம் தேயாத ஓரங்களில் ஸ்டீயரிங் இறுகும். வளைவில் இறுகினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

அமெரிக்காவில் பலர் இதற்கு 1950-களின் ஃபோர்டு எஃப்-100 பிக்கப் டிரக்கின் பாக்ஸைப் பொருத்துகிறார்கள். அதில் பற்களுக்குப் பதில் உருளும் ரோலர். உரசல் குறைவு, திருப்புவதும் லேசு.

அப்படியே மாட்டிடலாமா?

முடியாது. மாடல் ஏ-வில் ஹாரன், லைட் ஸ்விட்ச் இரண்டும் ஸ்டீயரிங் நடுவில். அவற்றின் கம்பி தண்டுக்குள்ளேயே கீழே இறங்கும். புதுத் தண்டிலும் அதற்கு வழி வேண்டும். பிட்மேன் ஆர்மின் நீளம் மாறினால் சக்கரம் திரும்பும் அளவும் மாறும். அமெரிக்க பாக்ஸ் இடப்பக்க ஸ்டீயரிங்குக்கானது. நம்மூர் வலப்பக்க காரில் ஆர்ம் எந்தத் திசையில் நகர்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தப்பாகப் பொருத்தினால், இடப்பக்கம் திருப்பும்போது கார் வலப்பக்கம் போகும்!

சட்டம் என்ன சொல்லுது?

மத்திய அரசின் 2021 விதிப்படி, 50 வயதைக் கடந்து அசல் வடிவில் இருக்கும் கார்களுக்கே 'விண்டேஜ்' பதிவு. சேஸி, பாடி, இன்ஜினை மாற்றியமைத்தால் அது கிடைக்காது. பாக்ஸ் உட்கார இடமில்லை என்று சேஸியை வெட்டுவதை நான் எதிர்ப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, வெட்டிய சேஸியின் பலம் பழையபடி திரும்பாது.

என் கருத்து இதுதான்: போல்ட் போட்டு மாட்டி, நாளைக்குக் கழற்றி அசலைத் திரும்ப வைக்க முடிகிற மாற்றம் என்றால் தாராளமாகச் செய்யலாம். பழைய பாக்ஸைப் பழைய இரும்புக்குப் போடாமல் பத்திரமாக வையுங்கள். தண்டை வெட்டி ஒட்டும் வெல்டிங் வேலையை லேத் பட்டறையில் 'பார்த்துச் செய்ங்க அண்ணே' என்று விட்டுவிடாதீர்கள். இத்தகைய பாதுகாப்பு மாற்றங்கள் 'அசல் வடிவத்தை' பாதிக்காது என்று அரசும் விதியில் தெளிவாகவே எழுத வேண்டும்.

'விண்டேஜ் காரை ராலிக்குத்தானே எடுப்பாங்க, இவ்வளவு எதுக்கு?' என்று கேட்கலாம். அந்த ராலியும் பொதுச் சாலையில்தான் நடக்கிறது.

செலவு செய்வதற்கு முன் கிங் பின், டை ராடு, வீல் பேரிங், டயர் காற்று நான்கையும் செக் பண்ணுங்கள். ஆட்டம் அங்கிருந்து வந்தால் எவ்வளவு நல்ல பாக்ஸைப் போட்டாலும் போகாது.