சகேயு திருப்பிக் கொடுத்த கணக்கு

துயரப்பட்டவருக்கு ஆறுதல் சொல்வது திருச்சபையின் வேலை, பொதுவாழ்வின் நேர்மையை அரசியல்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றொரு வாதம் உண்டு. திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகம் குளக்கரையில் நின்று சொல்பவருக்கு அது நியாயமாகவே படும். சற்றுத் தள்ளிப் போய் அந்த ஊரின் வரலாற்றைப் புரட்டினால் அந்த வாதம் நிற்காது.

1847இல் திருவிதாங்கூரின் மிஷனரிமார் அடிமைகளுக்காக வெறும் ஜெபத்தோடு நிறுத்தவில்லை. அடிமைமுறையை ஒழிக்கக் கேட்டு மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள். 1855இல் ஒழிப்புப் பிரகடனம் வந்தது. அந்த அடிமைகளின் எஜமானர்களில் சிரியன் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் பிறகு நேர்மையைப் பற்றி என்ன பேச்சு?

ஆனி மஸ்கரீன் திருவனந்தபுரத்துக்காரர், லத்தீன் கத்தோலிக்கர். திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்துப் பலமுறை சிறை சென்றவர். அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில் சுகாதார அமைச்சரானார். நோயாளிக்கு மருந்து, அதிகாரத்துக்குக் கேள்வி: இரண்டையும் ஒரே ஆள் செய்தார். முதல் பொதுத்தேர்தலில் திருவனந்தபுரத்தில் சுயேச்சையாக நின்று மக்களவைக்கும் போனார்.

வேதம் வேறு சொல்கிறதா? எரிகோவின் வரி வசூல் தலைவன் சகேயு, இயேசுவைக் காண ஏறிய மரத்திலிருந்து இறங்கியதும், சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்றான். அத்தோடு விடாமல், ஏமாற்றி வாங்கியதற்கு நாலு மடங்கு திருப்பித் தருவதாகவும் சொன்னான்.

தர்மம் பாதி, கணக்கு பாதி. பிரித்துப் பார்க்கச் சொல்பவர்கள் லூக்காவின் 19ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை திறந்து பார்க்கட்டும்.