கொல்லைப்புறத்தில் நீச்சல்குளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக் கொல்லையில் நீச்சல்குளம் அமைப்பதன் சௌகரியங்களை விவரித்துத் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரையில், அதற்குரிய ஜலம் எங்கிருந்து வரும் என்ற பிரதான விஷயம் விசாரிக்கப்படாமலே விடப்பட்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தை அளிக்கிறது.

8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் கொண்ட சாதாரணக் குளத்துக்கே 48,000 லிட்டர், அதாவது பெரிய லாரிகளில் நான்கு நடை தண்ணீர் வேண்டும். பிறகும் வெயிலில் ஆவியாவதையும் வடிகட்டியைக் கழுவுகையில் சாக்கடைக்குப் போவதையும் ஓயாமல் ஈடுசெய்ய வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் அநேகமாக வறண்டு, எங்கள் தெருவில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்ற சமயத்தில், பக்கத்து வீட்டார் தம் குழந்தைகளின் சந்தோஷத்துக்காக ஆசையுடன் கட்டிய குளம், பம்பு நிறுத்தப்பட்டு, குளோரின் இடுவாரின்றி, அடியில் முழங்கால் அளவு பச்சைப் பாசிநீரும் அதில் நெளியும் கொசுப்புழுக்களுமாகக் கிடந்ததை எங்கள் மாடியிலிருந்து தினந்தோறும் கண்டேன்.

குழந்தைகள் நீந்தக் கற்பது அத்தியாவசியம் என்பதில் எனக்கு அபிப்பிராய பேதம் சிறிதுமில்லை. அதற்கு மெரினாவில் இருப்பதைப் போன்ற மாநகராட்சி நீச்சல்குளங்கள் வட்டாரந்தோறும் ஏற்பட வேண்டும். சொந்த வீட்டில் குளம் கட்ட எண்ணுவோர், முதலில் தம் கிணற்றின் சித்திரை மாத நீர்மட்டத்தை அளந்து பார்த்து, அது போதாதெனில் குளத்துக்கென எண்ணிய இடத்தில் மொட்டைமாடி மழைநீரை இறக்கும் உறைகிணறு ஒன்றை அமைக்கும்படி, செலவு, செய்முறை விவரங்களுடன் ஒரு கட்டுரையைத் தாங்கள் வெளியிட வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
நங்கநல்லூர், சென்னை.