யாருக்கும் காட்டாத நாடகமா?

மூணாறு தேயிலை எஸ்டேட்டுகளின் தொழிலாளர் லயங்களில் பிள்ளைகளின் ஸ்வெட்டர் வருடம் முழுக்க உடம்பில்தான் இருக்கும். குளிருக்குப் போட்டதா, கையை மறைக்கப் போட்டதா என்று யாரும் கேட்பதில்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை வெயிலில் ஒரு பிள்ளை முழுக்கைச் சட்டையைக் கழற்றவே மாட்டேன் என்றால் கண்ணில் பட்டுவிடும். காயம் தெரிந்த பிறகு இரண்டு ஊரிலும் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "சும்மா பயம் காட்டுது. எல்லாம் நாடகம்."

நாடகம் ஆடுகிறவருக்குப் பார்க்க ஆள் வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையோ அதை மறைக்கத்தான் பாடுபடுகிறது. இங்கிலாந்தில் மனநல ஆய்வாளர் கீத் ஹாட்டன் குழுவினர் 15, 16 வயது மாணவர்கள் சுமார் 6,000 பேரிடம் பள்ளியிலேயே கேட்டு, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். முந்தைய ஒரு வருடத்தில் தன்னைத் தானே வருத்திக்கொண்டவர்கள் 6.9 சதவீதம். அந்தச் சம்பவங்களில் மருத்துவமனை வரை வந்தது எட்டில் ஒன்றுதான். மற்றதெல்லாம் சட்டைக்கு உள்ளேயே நின்றுவிட்டது. சரி, கவனத்துக்காகவே செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பசித்து அழுகிற குழந்தையைப் பார்த்து, "சோறு கேட்டு நடிக்குது" என்போமா?

"இந்த வயசுல என்ன கவலை?" என்பது அடுத்த பேச்சு. லயத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். சின்ன அறை, சமையல்கட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். விசும்பினால்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மனசுவிட்டு அழக்கூட அங்கே இடமில்லை. அம்மா காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போனால் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரப் பொழுது சாய்ந்துவிடும். வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். அந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுப் பார்க்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. 70 உயிர்கள் போயின, அதில் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த மலையில் வளரும் பிள்ளையிடம் உனக்கென்ன கவலை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தாங்க முடியாமல் பொங்கும் மனசைக் கொஞ்ச நேரம் அடக்கத்தான் பல பிள்ளைகள் தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் சாகும் எண்ணம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் இப்படிச் செய்கிறவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து கூடுதல். அதனால் "தானா சரியாயிடும்" என்று விட்டுவிடவும் முடியாது.

"சாகணும்னு தோணுதான்னு கேட்டா நாமே யோசனை கொடுத்த மாதிரி ஆயிடும்" என்று பயப்படுகிறவர்கள் பிள்ளை மேல் உள்ள அன்பில்தான் பயப்படுகிறார்கள். ஆனால் அந்தப் பயம் தேவையில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றி நேராகக் கேட்டார்கள். 2005இல் வந்த முடிவின்படி, கேட்டதால் அந்தப் பிரிவினருக்கு மன உளைச்சல் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தேயிருந்தது.

தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினால் நின்றுவிடும் என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிற நம்பிக்கை. வேறு வழி காட்டாமல் சத்தியம் மட்டும் வாங்கினால், அடுத்த தடவை பிள்ளை இன்னும் ஆழமாக மறைக்கும். வேண்டியது இவ்வளவுதான்: "கையைக் காட்டு பாப்பா, மருந்து போடலாம். ஏன்னு இப்பச் சொல்ல வேண்டாம். நான் சோறு வடிக்கிறேன், பக்கத்துல வந்து உக்காரு." காயப்படுத்தத் தோன்றும் வேகம் அலை மாதிரி ஏறி இறங்கும். அது இறங்கும்வரை பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். முகத்தில் பச்சைத் தண்ணீர் அடிப்பது, மூச்சை மெல்ல நீட்டி விடுவது, தோட்டத்துப் பாதையில் ஒருவரோடு நடப்பது, நோட்டில் கிறுக்கித் தள்ளுவது. எது ஒத்துவருகிறதோ அதை மனசு அமைதியாக இருக்கும் நாளிலேயே பழகிவைக்க வேண்டும். உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கிய சிகிச்சைமுறையில் இதைப் பாடம் போலவே சொல்லித்தருகிறார்கள். வீட்டு மாத்திரைகளையும் ஏலச்செடிக்கு அடிக்கிற மருந்தையும் பூட்டி வையுங்கள். காயம் ஆழமாக இருந்தாலோ, எதையாவது விழுங்கியிருந்தாலோ பேச்செல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரி.

போலீஸ் கேஸாகும் என்று ஒளிப்பவர்களுக்கு: 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. தற்கொலைக்கு முயன்றவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது 2017இன் மனநலச் சட்டம்.

மூணாறு, கொழிஞ்சாம்பாறை போன்ற கேரள எல்லைப் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கவுன்சிலர் மலையாளத்தில் கேட்க, தமிழில் அழுகிற பிள்ளை "ஒண்ணுமில்ல" என்று எழுந்து வந்துவிடும். அதைப் பிடிவாதம் என்று எழுதிவிடாதீர்கள். தமிழ் தெரிந்த ஆசிரியையோ ஆஷா பணியாளரோ கூட உட்காரட்டும். குடும்ப ஆரோக்கிய மையத்தில் மனச்சோர்வுக்கான 'ஆசுவாசம்' கிளினிக் உண்டா என்று விசாரியுங்கள். கேரள அரசின் 'திசா' உதவி எண் 1056. மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசம். அதில் தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளை பேசும்போது கூப்பிடு தூரத்தில் இருங்கள்.