காத்துல போக்கர் ஆடலாம், வர்றீங்களா?

இன்ஜின் கிடையாது. பெட்ரோல் கிடையாது. பேட்டரி உண்டு, ஆனா அது இறக்கையையும் வாலையும் லேசா அசைக்கிற குட்டி மோட்டாருக்கு மட்டும்தான். இப்படி ஒரு மாடல் விமானம், 2021-ல கலிஃபோர்னியாவுல ஒரு மலை முகட்டை ஒட்டி மணிக்கு 880 கிலோமீட்டரைத் தாண்டிப் பறந்திருக்கு! கிட்டத்தட்ட சென்னை - டெல்லி பயணிகள் விமானத்தோட வேகம். ஓட்டினவரு தரையில நின்னுக்கிட்டு, கையில ரிமோட்டோட அண்ணாந்து பார்த்துக்கிட்டிருந்தாரு. எரிபொருள்..? வெறும் காத்து!

அதுதான் பாஸ் ஆர்.சி. கிளைடர். ரேடியோவால இயக்குற, இன்ஜின் இல்லாத விமானம்.

'எங்க டிபார்ட்மென்ட்ல ட்ரோனே இருக்கு, இது எதுக்கு?'னு கேக்குறீங்களா? ட்ரோன்ல கையை எடுத்தாலும் அது பாட்டுக்கு அந்தரத்துல நிக்கும். உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் பார்த்துக்கும். கிளைடர் அப்படி நிக்காது. கையை விட்ட நொடியிலிருந்து இறங்கிக்கிட்டேதான் இருக்கும். அது இறங்குற வேகத்தைவிட அதிக வேகத்துல மேலே ஏறுற காத்தைக் கண்டுபிடிச்சா உயரும், இல்லைன்னா தரை. அந்தக் காத்து கண்ணுக்குத் தெரியாது. அதைத் தேடுறதுதான் மொத்த விளையாட்டே!

தெர்மாகோல்ல ஆரம்பிங்க!

பலரும் செய்யற முதல் தப்பு, எடுத்த எடுப்பிலேயே ஆன்லைன்ல காஸ்ட்லி கார்பன் ஃபைபர் மாடலை ஆர்டர் பண்றது. அப்பா கொடுத்த காசு முதல் நாளே மூக்கு உடைஞ்சு கிடக்கும். வேண்டாம்.

ஒரு பரோட்டா செட்டுக்கு ஆகுற காசுல தெர்மாகோல் ஷீட் வாங்கி, ஒரு குட்டி கிளைடர் வெட்டுங்க. ரிமோட் வேண்டாம், கையால வீசுறதுதான். மூக்குல கொஞ்சம் களிமண் வைங்க. இறக்கையோட முன்விளிம்பிலிருந்து சுமார் மூணுல ஒரு பங்கு தூரத்துல, அடியில ரெண்டு விரலை வச்சுத் தூக்கினா சமமா நிக்கணும். மேல் நோக்கி எறியாம, நேரா அடிவானத்தைப் பார்த்துத் தள்ளுங்க. மூக்கைத் தூக்கி, ஒரு நொடி திகைச்சு நின்னு, பொத்துனு விழுதா? மூக்குல எடை பத்தலை. நேரா குப்புறப் பாயுதா? எடை ஜாஸ்தி. இருபது தடவை வீசிப் பார்த்தா, ஏரோடைனமிக்ஸ் புக்ல 'ஸ்டால்'னு படிச்சது என்னன்னு கைக்கே புரிஞ்சுடும்.

அடுத்தது சிமுலேட்டர். 'பிகாசிம்'னு ஒண்ணு இலவசமாவே கிடைக்குது. அதுலதான் எல்லாரையும் படுத்துற அந்தச் சிக்கல் தெரியும்: விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது வலது வலதுதான். உங்களைப் பார்த்துத் திரும்பி வரும்போது வலது இடமாயிடும்! மூளை குழம்பி, காப்பாத்துறதா நினைச்சு நீங்களே தரையில குத்திடுவீங்க. இதுக்கு ஒரு பழைய வைத்தியம் இருக்கு. எதிரே வர்றப்போ எந்தப் பக்க இறக்கை சாயுதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்க. சாயுற இறக்கைக்கு முட்டுக் கொடுக்குற மாதிரி. நிமிர்ந்துடும்.

மூணாவதாதான் நிஜ மாடல். ஃபோம்ல செஞ்ச, சுமார் 2 மீட்டர் இறக்கை அகலமுள்ள எலெக்ட்ரிக் கிளைடர் நல்ல ஆரம்பம். மூக்குல ஒரு மோட்டார் இருக்கும். உயரம் ஏறினதும் மோட்டாரை நிறுத்திட்டு மிதக்க வேண்டியதுதான். உடைஞ்சா ஒட்டிக்கலாம். முதல் தடவை மட்டும், ஏற்கெனவே ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கங்க. வீசுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி: பேட்டரி ஃபுல்லா? தள்ளி நின்னு பார்த்தாலும் ரேடியோ எட்டுதா? ஸ்டிக்கை வலதுல தள்ளினா வால் வலதுதான் திரும்புதா? மூணாவதைச் செக் பண்ணாததாலயே செத்த விமானங்கள் ஏராளம்!

பருந்துதான் ப்ரொஃபஸர்

வெயில்ல தரை எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி சூடாகாது. உழுத நிலம், தார் ரோடு, காய்ஞ்ச ஏரிக்கரை சீக்கிரம் சூடாகும். அங்கே இருக்கிற காத்து லேசாகி மேலே கிளம்பும். அதுதான் 'தெர்மல்'. பருந்து இறக்கையை அடிக்காமலேயே வட்டம் போட்டு உயரே போகுதே, அது இதுக்குள்ளதான். பருந்து வட்டமடிக்கிற இடத்துக்கு உங்க கிளைடரைக் கொண்டுபோங்க. ஃபீஸ் வாங்காத வாத்தியார் அது.

பருந்து லீவுன்னா, உங்க தோலை நம்புங்க. தெர்மல் காலி பண்ணின இடத்தை நிரப்ப, சுத்தியிருக்கிற காத்து அதை நோக்கி ஓடும். அதனால, வீசிக்கிட்டிருந்த காத்து திடீர்னு திசை மாறினா, அது எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. அங்கே ஒரு தெர்மல் இருக்க வாய்ப்பு அதிகம். பறக்கிறப்போ ஒரு பக்க இறக்கை காரணமே இல்லாம மேலே எத்துதா? தெர்மல் அந்தப் பக்கம்தான். மேலே எழும்பின இறக்கைப் பக்கமே திருப்பணும்.

ஒரு எச்சரிக்கை. தெர்மல் ஒரே இடத்துல நிக்காது. காத்தோட சேர்ந்து நகரும். நீங்களும் அதுல வட்டமடிச்சுக்கிட்டே போவீங்க. ஜாலியாதான் இருக்கும். திரும்பி வர்றப்போதான் எதிர்க்காத்து! எப்போ விட்டுட்டு வீட்டுக்குத் திரும்பணும்ங்கிறதுதான் இந்த விளையாட்டுல ரொம்பக் கஷ்டமான பாடம்.

சொல்லி அடிக்கணும்!

போட்டிக்கு வருவோம. உலக அளவுல விதி எழுதுறது எஃப்.ஏ.ஐ. என்கிற சர்வதேச வான்விளையாட்டு அமைப்பு. காலேஜ் பசங்களுக்கு ஏத்த பிரிவு 'எஃப்3கே'. இறக்கை அகலம் 1.5 மீட்டருக்குள்ள, எடை 600 கிராமுக்குள்ள. இறக்கை நுனியைப் பிடிச்சு, வட்டு எறியற மாதிரி ஒரு சுத்து சுத்தி மேலே விடணும். தேர்ந்த கைக்காரங்க 60 மீட்டருக்கு மேல அனுப்புவாங்க. முதல் உலக சாம்பியன்ஷிப் 2011-ல ஸ்வீடன்ல நடந்தது.

இதுல பல வகை ரவுண்டு உண்டு. ஒண்ணுல எல்லாரும் சிக்னல் கிடைச்ச 3 விநாடிக்குள்ள வீசணும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 நிமிஷம்தான் கணக்கு. எதுவா இருந்தாலும், குறிச்ச எல்லைக்கு வெளியே இறங்கினா அந்தப் பறப்புக்கு முட்டை!

ஆனா, நீங்க தெரிஞ்சுக்க வேண்டிய ரவுண்டு 'போக்கர்'. வீசுறதுக்கு முன்னாடி, எத்தனை நேரம் பறப்பேன்னு நீங்களே சொல்லணும். அதைத் தொட்டாத்தான் மார்க். அதைத் தாண்டிப் பறந்தாலும், சொன்ன நேரத்துக்குத்தான் மார்க். தொடலைன்னா..? சொன்னதை மாத்த முடியாது. அதே நேரத்துக்கு மறுபடி முயற்சி பண்ணணும்.

ஒரு கணக்கு பாருங்க. மொத்தம் 10 நிமிஷம், 3 இலக்கு. முதல் ஆள் கெத்தா '5 நிமிஷம்'ங்கிறான். 3 நிமிஷம் 20 விநாடியில இறங்கிடுது. மறுபடி வீசுறான், 2 நிமிஷம் 40 விநாடி. இப்போ பாக்கி 4 நிமிஷம்கூட இல்லை. 5 நிமிஷம் பறக்க வழியே கிடையாது. வானத்துல இருந்தது 6 நிமிஷம், கையில கிடைச்சது பூஜ்யம்! ரெண்டாவது ஆள் '1 நிமிஷம் 30 விநாடி' சொல்லித் தொடுறான். அடுத்து '2 நிமிஷம்'. அதுக்குள்ள காத்து எங்கே நல்லாயிருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. மூணாவதுக்கு '3 நிமிஷம்'. மொத்தம் 390 விநாடி. ரெண்டு பேரும் பறந்த நேரத்துல வித்தியாசம் அரை நிமிஷம்தான்.

அதுக்காக, பயந்துக்கிட்டு '20 விநாடி'ன்னும் சொல்ல முடியாது. குரூப்ல முதல் ஆளுக்கு 1000 மார்க், மத்தவங்களுக்கு அந்த விகிதத்துல. 390-க்கு 1000 வாங்கிட்டான்னா, 195 எடுத்தவனுக்கு 500 தான். நம்ம நிஜ அளவு என்ன, இன்னிக்குக் காத்து எப்படி... இந்த ரெண்டையும் நேர்மையா பார்க்கிறவனுக்குத்தான் இந்த ரவுண்டு. 'இந்த செமஸ்டர்ல எல்லா அரியரையும் தூக்கிடுவேன்'னு கேன்டீன்ல சபதம் போடுற நண்பர்கள் கவனிக்க!

எலெக்ட்ரிக் கிளைடருக்கு 'எஃப்5ஜே'ன்னு தனிப் பிரிவு இருக்கு. மோட்டாரை அதிகபட்சம் 30 விநாடி ஓட்டலாம். எவ்வளவு உயரம் ஏறினீங்கன்னு உள்ளே இருக்கிற கருவி குறிச்சுக்கும். 200 மீட்டர் வரைக்கும் மீட்டருக்கு அரை மார்க் கழியும். அதுக்கு மேல மீட்டருக்கு 3 மார்க். இங்கேயும் அதே கேள்விதான்: உயரத்தை விலை கொடுத்து வாங்குறீங்களா, காத்தை நம்புறீங்களா?

பறக்கறதுக்கு முன்னாடி...

கிளைடருக்குச் சத்தமே கிடையாது. வர்றது யாருக்கும் கேக்காது. அதனால ஆள் நடமாட்டம், ரோடு, கரன்ட் கம்பி இருக்கிற இடம் கூடவே கூடாது. கம்பியில மாட்டினா எடுக்க ஏறாதீங்க. விமானம் போனா போகட்டும், மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்க. 2021 ட்ரோன் விதிகள் எடையை வச்சுப் பிரிக்குது: 250 கிராம் வரை 'நானோ', 2 கிலோ வரை 'மைக்ரோ'. 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்துல உங்க மைதானம் எந்தக் கலர்ல இருக்குன்னு பாருங்க. பச்சைன்னாலும் பொதுவா 400 அடி வரைக்கும்தான். ஏர்போர்ட் பக்கத்துல ஆசையே வேண்டாம். விதிகள் மாறிக்கிட்டே இருக்கும். அன்னிக்கு என்ன நிலவரம்னு பார்த்துட்டுக் கிளம்புங்க.

கத்துக்க ஆள் வேணுமா? உங்க காலேஜ்ல என்.சி.சி. ஏர் விங் இருந்தா கதவைத் தட்டுங்க. ஏரோமாடலிங் அவங்க பயிற்சியிலேயே இருக்கு. வாயு சைனிக் முகாம்ல போட்டியும் உண்டு.

அதுவரைக்கும்... வர்ற ஞாயித்துக்கிழமை காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி நாலு நண்பர்கள், நாலு தெர்மாகோல் கிளைடரோட கிரவுண்டுக்குப் போங்க. ஒருத்தர் கையில ஸ்டாப்வாட்ச். வீசுறதுக்கு முன்னாடி எத்தனை விநாடின்னு சத்தமா சொல்லிட்டு வீசணும். சொன்னதைத் தொடாதவங்க டீ வாங்கித் தரணும்.

முதல் ரவுண்டுல நிறைய டீ செலவாகும். அஞ்சாவது ரவுண்டுல பாருங்க, எல்லாரும் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் காத்தைப் பார்ப்பீங்க!