குப்பைக்குப் போகும் செல்வம்

கிருஷ்ணகிரி ஜில்லாவில் மாம்பழக் காலம் வந்துவிட்டால் கூழ்த் தொழிற்சாலைகள் இரவு பகலாக வேலை செய்கின்றன. தோத்தாபுரிப் பழத்தின் கூழ் கடல் கடந்து செல்கிறது. தோலும் கொட்டையுமோ ஆலைப் புறத்தில் குவிந்து அழுகுகின்றன. இவை பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகும். துர்நாற்றம் ஊராருக்கு, நஷ்டம் தேசத்திற்கு.

இந்தத் தோல் கழிவன்று, கச்சாப்பொருள் என்பதே நமது அபிப்பிராயம். மாந்தோலில் பெக்டின் என்னும் பசைப்பொருள் மிகுதி. அதை உண்டு வளரும் கறுப்புப் பூஞ்சணமாகிய ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர், அதைக் கரைப்பதற்காகவே பெக்டினேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. பழரஸத்தைத் தெளியவைக்கவும், காப்பிக்கொட்டையின் வழவழப்பை நீக்கவும் பயன்படுவது இந்நொதியே. ஆகவே, பழத்தொழிலின் குப்பையிலிருந்தே பழத்தொழிலுக்கு வேண்டிய சரக்கு கிடைக்கிறது.

முறையும் கடினமன்று. உலர்த்திப் பொடித்த தோலுடன் கோதுமைத் தவிட்டைக் கலந்து, ஈரமாக்கி, நீராவியில் வேகவைத்து ஆற்றி, பூஞ்சண வித்தைத் தூவித் தட்டுகளில் பரப்ப வேண்டும். சுமார் 30 டிகிரி ஸென்டிகிரேட் உஷ்ணத்தில் சில தினங்களில் பூஞ்சணம் படர்ந்துவிடும். பின்னர் நீரில் ஊறவைத்து வடித்தால் நொதி கிடைக்கும். ஜப்பானியரான தகாமினே, தவிட்டில் பூஞ்சணம் வளர்த்து நொதி எடுக்கும் முறைக்கு 1894-ம் வருஷத்திலேயே அமெரிக்காவில் பேடண்டு பெற்றார். தவிட்டை அவர் செல்வமாக்கினார். தோலை நாம் தெருவில் கொட்டுகிறோம்!

மாம்பழக் காலம் சில மாதங்களே என்று ஆட்சேபிப்பார்கள். தோலை உடனே உலர்த்திச் சேமித்தால் வருஷம் முழுவதும் வேலை நடக்கும். வளரும் பூஞ்சணம் தன்னைத்தானே சூடேற்றிக்கொண்டு கெடும் என்பார்கள். மெய்தான்; மெல்லிய படலமாகப் பரப்பிக் காற்றோட்டம் தருவதே பரிகாரம். விஷம் விளைக்காத வகையென்று பரிசோதித்த வித்தையே உபயோகிக்க வேண்டும் என்பதும், அதன் தூள் தொழிலாளரின் மூச்சில் புகாமல் காக்க வேண்டும் என்பதும் நாமும் வற்புறுத்துவனவே.

1950-ம் வருஷத்தில் மைசூரில் திறக்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோயமுத்தூரில் விவசாய ஸர்வகலாசாலை இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை, முயற்சிக்கே பஞ்சம். ஸர்க்கார் கிருஷ்ணகிரியில் பொது உலர்களமும் மாதிரிச்சாலையும் அமைத்து, அவற்றை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்புவிக்க வேண்டும். 2025-ம் வருஷத்தில் தோத்தாபுரி விலை சரிந்து விவசாயி தவித்ததை நாடு கண்டது. தோலின் லாபத்தில் அவனுக்கும் பங்கு வேண்டும். அப்பங்கில்லாத கைத்தொழில் அபிவிருத்தி, ஆலை முதலாளிக்கு மட்டுமே அபிவிருத்தியாகும்.