வேப்புக்கு உலோக கிரைண்டர் நல்லதா? அதற்கு முன் கேட்க வேண்டிய 2 கேள்விகள்

ஷாப்பிங் ஆப்பில் ‘ஹெர்ப் கிரைண்டர்’ என்று தேடிப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் வட்ட டப்பா, உள்ளே கூரான பற்கள், விலை சில நூறு ரூபாய். விழுப்புரமோ திண்டிவனமோ, சில நாள்களில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ‘துளசி, புதினா பொடிக்கலாம்’ என்று விளம்பரம் சொல்லும். அம்மி, இடிகல், மிக்ஸி எல்லாம் இருக்கிற வீட்டில் துளசிக்கு எதுக்குங்க தனி கிரைண்டர்? காய்ந்த இலையைப் பொடித்து, வேப் கருவியில் சூடாக்கி இழுக்கத்தான் பலரும் இதை வாங்குகிறார்கள். ‘மெட்டல் வாங்கலாமா, பிளாஸ்டிக் வாங்கலாமா?’ என்பது அவர்களின் கேள்வி. அதற்கும் பதில் இருக்கிறது. ஆனால், அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

உலோக கிரைண்டரின் சாதக பாதகம்

முதலில் சாதகம். கையால் கிள்ளிப் போட்டால் ஒரு துண்டு பெரிதாக, ஒரு துண்டு தூளாக இருக்கும். சூடு சமமாகப் பரவாது. கிரைண்டர் ஒரே அளவில் பொடிக்கும். பிளாஸ்டிக் பல் உடைந்து தூளோடு கலந்துவிடலாம். உலோகப் பல் அவ்வளவு சீக்கிரம் உடையாது, கழுவுவதும் சுலபம்.

அடுத்து பாதகம். மலிவு கிரைண்டர்கள் பெரும்பாலும் அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவையில், மேலே வண்ணப்பூச்சோடு வருபவை. மூடியும் அடிப்பாகமும் உரசி உரசி, பூச்சும் உலோகத் துகளும் உதிரலாம். பச்சைத் தூளுக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. சாப்பாட்டில் விழுந்த துகள் வயிற்றுக்குப் போவது ஒரு கதை, மூச்சோடு நுரையீரலுக்குப் போவது வேறு கதை. நல்ல துருப்பிடிக்காத எஃகில் இந்த ஆபத்து குறைவு, விலை அதிகம்.

சரி, தரமான எஃகு கிரைண்டர் வாங்கிவிட்டால் பிரச்னை முடிந்ததா? இல்லை. இங்கேதான் அந்த 2 கேள்விகள் வருகின்றன.

கேள்வி 1: உள்ளே போவது என்ன?

‘புகை இல்லையே, ஆவிதானே? நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கிறதில்லையா?’ என்கிறார்கள். நொச்சி ஆவியில் வருவது பெரும்பாலும் நீராவி. வேப் கருவியில் வருவதோ, இலையிலோ திரவத்திலோ உள்ள ரசாயனங்கள் சூட்டில் பிரிந்து கலந்த நுண்துளிப் படலம். எரிக்கவில்லை என்பதால் தாரும் கார்பன் மோனாக்சைடும் குறையலாம். குறைவு என்றால் பாதுகாப்பு என்று அர்த்தம் இல்லை.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018-ல், 56 பேர் பயன்படுத்திய இ-சிகரெட் கருவிகளைச் சோதித்தார்கள். அவற்றின் ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம் இருந்தன. சூடாக்கும் கம்பிச்சுருளில் இருந்து உலோகம் கசிந்ததே இதற்குக் காரணம் என்று அவர்கள் கருதினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வேப் தொடர்பான நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். கஞ்சா எண்ணெயில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் எனத் தெரியவந்தது. அது திரவ வேப்; காய்ந்த இலைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

கேள்வி 2: சட்டம் என்ன சொல்கிறது?

தமிழக அரசு 2018-லேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18 முதல் நாடு முழுக்கத் தடை. ‘நிக்கோடின் இல்லாத மூலிகை வேப்தானே’ என்று தப்பிக்க முடியாது. நிக்கோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி ஆவியாக இழுக்கவைக்கும் மின்னணுக் கருவி எல்லாமே இந்தச் சட்டத்துக்குள் வரும். உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எதைச் செய்தாலும் முதல் முறை 1 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மத்தியச் சட்டம் என்பதால், ‘பாண்டில வாங்கிக்கலாம்’ என்ற கணக்கும் செல்லாது.

கிரைண்டரை மட்டும் எந்தச் சட்டமும் பெயர் சொல்லித் தடை செய்யவில்லை. ஆனால் அதற்குள் கஞ்சாத் தூள் இருந்தால், 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்துவிடும். 1 கிலோ வரை ‘சிறிய அளவு’தான். ஆனால் சிறிய அளவு என்றால் குற்றம் இல்லை என்று பொருளல்ல. 1 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். குற்றத்துக்குப் பயன்பட்ட கருவியையும் பறிமுதல் செய்யலாம்.

அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற விஷயமா இது? வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கு நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டும். அரசு வேலைக்குத் தேர்வாகியும், போலீஸ் சரிபார்ப்பில் சிக்கல் வரலாம். குரூப் 4-க்கும் காவலர் தேர்வுக்கும் வருடக்கணக்கில் படிக்கிற பிள்ளைகள் நிறைந்த ஊர் நம்முடையது. அவர்கள் பணயம் வைப்பது அந்தச் சில நூறு ரூபாயை அல்ல.

என்ன செய்யலாம்?

கருவிக்குத் தடை, அதற்கான துணைப்பொருளோ ‘சமையலறைச் சாமான்’ என்ற பெயரில் தாராளமாக விற்பனை. இந்த முரண்பாட்டில் லாபம் விற்பவருக்கு, வழக்கு வாங்கியவருக்கு. துணைப்பொருள் விற்கும் ஆப்களையும் அரசு கேள்வி கேட்க வேண்டும். பிடித்துப் படம் வெளியிடுவதில் காட்டும் வேகத்தை, சட்டத்தைக் கல்லூரிகளில் புரியவைப்பதிலும் காட்ட வேண்டும். போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால், சிறிய அளவு வழக்கில் விலக்கு பெற அதே 1985 சட்டத்தின் 64ஏ பிரிவு வழி தருகிறது. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

பழக்கத்தை விட நினைப்பவர்கள் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் பேசலாம். புகையிலையை விட 1800-11-2356. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கத்தில்தான் இருக்கிறது.

கிரைண்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா? எஃகில் வாங்குங்கள், மிளகு பொடியுங்கள். வேப்புக்கு என்றால், எந்த உலோகமும் வேண்டாம்.