கத்துற பஸ்ஸரும் கத்தரிக்கோல் கோஷ்டியும்

அலாரம் அடிச்சா என்ஜினைப் பார்க்காம அலாரத்தோட வயரைக் கத்தரிக்கிற கோஷ்டி ஒண்ணு இருக்கு. எங்க ஹூஸ்டன் பக்கம், கால்வெஸ்டன் வளைகுடாவுல ஜெட் ஸ்கீ ஓட்டுறவங்ககிட்ட பேசிப் பாருங்க. "அது சும்மா கத்தும் பாஸ், சென்சார் போயிருக்கும், கழட்டி விட்டுருங்க." கேக்காமலே கிடைக்கிற அறிவுரை. எதிர் கோஷ்டி மெக்கானிக் கடை. அவங்க முதல்ல சென்சாரை மாத்துவாங்க. கத்தல் நிக்கலையா, கம்ப்யூட்டர் பெட்டியையே மாத்தணும்பாங்க. அளந்து பாக்குறது மட்டும் ரெண்டு கோஷ்டிக்கும் ஆகாது.

(ஜெட் ஸ்கீங்கிறது கவாஸாகியோட வர்த்தகப் பேரு. ஜெராக்ஸ் மாதிரி ஊரே எல்லா வண்டிக்கும் அதைத்தான் சொல்லுது, நானும் சொல்லிட்டுப் போறேன்.)

நண்பர் ஒருத்தர் செகண்ட் ஹேண்டுல ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி வாங்கினார். தண்ணியில இறக்கி ஒரு நிமிஷம் ஆகல, பஸ்ஸர் கத்துது, என்ஜின் தானா வேகத்தைக் குறைச்சுக்குது. கடையில விட்டார். புது சென்சார், கூலி, பில்லு. திரும்பவும் கத்தல். அடுத்து கம்ப்யூட்டர் பெட்டிக்கு எஸ்டிமேட் குடுத்தாங்க பாருங்க, வண்டி விலையில பாதி! ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த என்ஜின் ஒரு நிமிஷத்துல எப்படிய்யா கொதிக்கும்னு அந்தக் கடையில ஒருத்தருக்குக் கூடத் தோணல.

விஷயம் ரொம்ப எளிது. பழைய வண்டிகள் பலதுல 'சென்சார்'னு சொல்றது வெறும் சுவிட்ச். குறிப்பிட்ட சூடு வந்தா உள்ள தொடர்பு ஏற்பட்டு வயர் என்ஜினோட எர்த் ஆகும், பஸ்ஸர் அடிக்கும். அந்த வயரோட தோல் எங்கயாவது உரசித் தேஞ்சு என்ஜின் உலோகத்துல பட்டாலும் இதேதான் நடக்கும். சூடா, கிழிஞ்ச வயரானு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால முதல் வேலை, சென்சார் கனெக்டரைக் கழட்டிப் பாக்குறது. கழட்டியும் கத்துதா? அப்ப கோளாறு வயர்லயோ பெட்டியிலயோதான். நீங்க தங்கத்துல சென்சார் போட்டாலும் புண்ணியமில்ல. நண்பர் வண்டியில ஒரு கிளாம்ப் ஓரத்துல வயர் உரசிச் செம்பு தெரிஞ்சுது. அந்த இடத்தை வெட்டி, கிரிம்ப் பண்ணி, ஹீட் ஷ்ரிங்க் போட்டதோட பஸ்ஸர் வாயை மூடிடுச்சு. சில்லறைக் காசு.

கழட்டினதும் கத்தல் நின்னா 'பொய் அலாரம்'னு துள்ளிக் குதிக்காதீங்க. சுவிட்ச் கெட்டிருக்கலாம், நெஜமாவே சூடாகவும் இருக்கலாம். சுவிட்சைக் கழட்டி, தெர்மாமீட்டரோட தண்ணியில போட்டுச் சூடாக்கி, எத்தனை டிகிரியில தொடர்பு வருதுன்னு மல்டிமீட்டர்ல பாருங்க. சரியான எண் சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். இன்ஃப்ராரெட் துப்பாக்கி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு: பளபளன்னு இருக்கிற அலுமினியத்துல அது குறைச்சுத்தான் காட்டும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல பிடிங்க.

புது வண்டிகள்ல தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற மின்தடை குறையும். 20 டிகிரியில இரண்டரை கிலோ ஓம் பக்கம் இருக்கிற வகை நிறைய. கனெக்டருக்குள்ள உப்புத் தண்ணி போச்சுன்னா கரண்டு அது வழியாவும் ஓடும், மொத்தத் தடை குறையும், கம்ப்யூட்டர் 'ஐயோ சூடு'ன்னு அலறும். இங்க வயரை வெட்டினா என்ன ஆகும் தெரியுமா? தடை எக்கச்சக்கமாத் தெரியும். என்ஜின் ஐஸா உறைஞ்சு கெடக்குன்னு அது நினைக்கும், இல்லன்னா கோளாறு கோடு காட்டும். கத்தரிக்கோல் கோஷ்டி இதுக்கு என்ன சொல்லும்?

எனக்கு நெஜமாவே கோவம் வர்றது எக்ஸாஸ்ட் சூட்டு அலாரத்தை வெட்டுறவங்க மேலதான். இந்த வண்டிகள்ல பெரும்பாலும், தள்ளுற ஜெட் பம்ப்தான் குளிர்விக்கத் தண்ணியையும் அனுப்புது. கீழ கிரில்லுல பாசி சிக்கினாலோ, குழாய்ல மணல் அடைச்சாலோ தண்ணி போகாது. எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கிறது ரப்பர் ஹோஸும் பிளாஸ்டிக் பெட்டியும். தண்ணி ஓடுற வரைக்கும்தான் அதுங்களுக்கு ஆயுசு. நின்னா உருகும். அந்த ஓட்டை வழியா புகையும் தண்ணியும் வண்டிக்குள்ள வரும். கரையிலிருந்து ரெண்டு மைல் தள்ளி, பின்னாடி பையனை உக்கார வெச்சுக்கிட்டு இருக்கும்போது இது நடந்தா?

இதே மெக்சிகோ வளைகுடாவுல ஏப்ரல் 20, 2010 அன்னிக்கு டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் ரிக் வெடிச்சு 11 பேர் செத்தாங்க. ஜூலை 2010 விசாரணையில அந்த ரிக்கோட தலைமை எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் மைக் வில்லியம்ஸ் சாட்சி சொன்னார்: பொது அலாரம் தானா ஒலிக்காதபடி முடக்கி வெச்சிருந்தாங்களாம். பொய் அலாரம் அடிச்சு விடியகாலை 3 மணிக்கு ஆளுங்க தூக்கம் கெடக்கூடாதாம்! சாவுக்கு அதுதான் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா அவ்வளவு பெரிய ரிக்குலயும் புத்தி போன வழி நம்ம கத்தரிக்கோல் வழிதான்.

தயாரிக்கிறவங்களையும் சும்மா விட முடியாது. கார்ல அந்தக் காலத்துலயே டெம்பரேச்சர் முள்ளு இருந்துச்சு. இங்க பல வண்டிகள்ல இன்னும் ஒரு விளக்கு, ஒரு பஸ்ஸர், அவ்வளவுதான். கோடு படிக்கணும்னா டீலர் சாஃப்ட்வேர். எத்தனை டிகிரின்னு ஒரு எண்ணைத் திரையில காட்டியிருந்தா நண்பருக்கு அந்த பில்லே வந்திருக்காது. சென்சார் அனுப்புற கணக்கு கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு, ஓட்டுறவனுக்கு மட்டும் ரகசியம். என்ன நியாயமோ!

பி.கு: வீட்டுல ஹோஸ் மாட்டிச் சோதிக்கிறவங்க, முதல்ல என்ஜினை ஸ்டார்ட் பண்ணிட்டு உடனே தண்ணியைத் திறங்க. முடிக்கும்போது முதல்ல தண்ணியை மூடிட்டு, சில விநாடியில என்ஜினை நிறுத்துங்க. மாத்திச் செஞ்சா எக்ஸாஸ்ட் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ளயே போயிரும், அதுக்கு எந்த பஸ்ஸரும் கத்தாது :-)